எடைத்தட்டில் ஏறி அமரும் அமிலம்

நேர்மின்னூட்டம் மிகுந்த செயற்கைப் பெப்டைடு ஒன்றை நம் ஆய்வகங்களில் ஒரு மில்லிகிராம் நிறுத்தெடுக்கும்போது, தராசில் இருப்பது ஏறத்தாழ முக்கால் மில்லிகிராம் பெப்டைடுதான். மிச்சத்தில் பெரும்பங்கு ட்ரைஃபுளூரோஅசிட்டிக் அமிலம். நாம் நாள்தோறும் டி.எஃப்.ஏ. என்று சுருக்கி அழைக்கும் அதே அமிலம். பெப்டைடு வேதியியலாளர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் அறிந்ததை ஆய்வேட்டில் எழுதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. எச்ச அமிலத்தை நீக்குவது, நீக்காவிட்டால் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அளந்து சொல்வது, இவ்விரண்டில் ஒன்று முனைவர் பட்ட ஆய்வேடுகளில் கட்டாயமாக வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

பதிவு சற்று நீளமானது. உயிரியல், மருந்தியல் துறை மாணவர்களும் பெப்டைடுகளை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

1963-ஆம் ஆண்டு புரூஸ் மெரிஃபீல்டு திண்மநிலைப் பெப்டைடு தொகுப்பு முறையை வெளியிட்டார். ரெசின் மணிகளின் மீது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செல்லும் முறை அது. 1984-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததும் அதுவே. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் எஃப்மாக் வழியில், சங்கிலி முழுமை பெற்றதும் அதை ரெசினிலிருந்து பிரித்தெடுக்கவும், பக்கத்தொகுதிகளின் காப்புத்தொகுதிகளை அகற்றவும் 95 விழுக்காட்டளவு டி.எஃப்.ஏ. கொண்ட கலவை பயன்படுகிறது. பின்னர் குளிர்ந்த ஈதரில் வீழ்படிவாக்கி, எச்.பி.எல்.சி. வழியே தூய்மை செய்கிறோம். அங்கும் நகர்கரைசலில் 0.1 விழுக்காடு டி.எஃப்.ஏ. சேர்க்கப்படுகிறது. ஆக, பெப்டைடு தன் பிறப்பில் ஒருமுறையும் தூய்மையாக்கத்தில் மறுமுறையும் இவ்வமிலத்தில் குளித்தெழுகிறது.

டி.எஃப்.ஏ.யின் கொதிநிலை ஏறத்தாழ 72 டிகிரி செல்சியஸ். ஆகவே லையோஃபிலைசரில் உலர்த்தினால் அது ஆவியாகிப் போய்விடும் என்ற நம்பிக்கை மாணவரிடையே உண்டு. இந்நம்பிக்கை பாதி உண்மை. தனித்திருக்கும் அமிலம் போய்விடும். உப்பாகிவிட்ட அமிலம் போகாது. லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் ஆகியவற்றின் பக்கத்தொகுதிகளும் சங்கிலியின் அமினோ முனையும் அமிலத்திடமிருந்து புரோட்டானை ஏற்று நேர்மின்னூட்டம் பெறுகின்றன. அவை ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு ட்ரைஃபுளூரோஅசிட்டேட் எதிரயனி அமர்ந்துகொள்கிறது. ஈதரில் கழுவினாலும் வெற்றிடத்தில் உலர்த்தினாலும் அது நகர்வதில்லை.

ஒரு சிறு கணக்கு

நம் உடலிலேயே சுரக்கும் எல்.எல்.-37 என்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடை எடுத்துக்கொள்வோம். 37 அமினோ அமிலங்கள். மூலக்கூறு எடை ஏறத்தாழ 4,493. அதில் 6 லைசின், 5 ஆர்ஜினின், ஓர் அமினோ முனை. ஆக மொத்தம் 12 காரத் தொகுதிகள். டி.எஃப்.ஏ.யின் மூலக்கூறு எடை 114. பன்னிரண்டும் உப்பாகியிருந்தால் 1,368 கூடும். உப்பின் எடை 5,861. அதாவது நிறுத்தெடுத்த பொடியில் 23 விழுக்காட்டுக்கும் மேல் அமிலம். உறிஞ்சப்பட்ட ஈரம் இதற்கு மேல் தனி.

இதே பெப்டைடு ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருந்தால் அப்பங்கு 9 விழுக்காட்டளவு. அசிட்டேட்டாக இருந்தால் 14 விழுக்காட்டளவு. உலர்த்திய விதத்தைப் பொறுத்து உண்மை எண்ணிக்கை கூடலாம், குறையலாம். அதனால்தான் கணக்கிட்டு ஊகிப்பதோடு நில்லாமல் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு வெறும் எடைப்பிழையோடு முடிவதில்லை. பெப்டைடு ஆய்வில் அடிக்கடி செய்யப்படும் ஒரு சோதனையை நினைத்துப் பாருங்கள். ‘நேர்மின்னூட்டமே இப்பெப்டைடின் செயல்திறனுக்குக் காரணம்’ என்று நிறுவ, லைசின்களை அலனினாக மாற்றிய ஒப்பீட்டுப் பெப்டைடு ஒன்றைத் தொகுக்கிறோம். நான்கு லைசின்களை நீக்கினால் நான்கு டி.எஃப்.ஏ. எதிரயனிகளும் உடன் நீங்கிவிடுகின்றன. இப்போது இரு குப்பிகளுக்கும் இடையே வேறுபடுவது வரிசை மட்டுமன்று. உண்மைச் செறிவும் வேறு, அமில அளவும் வேறு. செல்நச்சுத்தன்மை குறைந்தது லைசின் போனதாலா, அமிலம் குறைந்ததாலா? சோதனை எந்தக் கேள்விக்காக அமைக்கப்பட்டதோ அதே கேள்வியில் கலப்படம் நேர்ந்துவிடுகிறது.

தரச்சான்று சொல்லாதது

‘சான்றிதழில் 98 விழுக்காடு தூய்மை என்று இருக்கிறதே’ என்று கேட்கலாம். அந்த எண் பொய்யன்று; அது வேறொன்றின் அளவு. எச்.பி.எல்.சி. தூய்மை என்பது 214 அல்லது 220 நானோமீட்டரில் பதிவான முகடுகளின் பரப்பில் முதன்மைப் பெப்டைடின் பங்கு. குறைவுபட்ட சங்கிலிகள், ஆக்சிஜனேற்றம் பெற்றவை போன்ற பெப்டைடு சார்ந்த மாசுகளை அது காட்டும். எதிரயனியையும் நீரையும் அது கணக்கில் கொள்ளாது, நகர்கரைசலிலேயே டி.எஃப்.ஏ. இருக்கும்போது எப்படிக் கொள்ளும்? நிறைநிறமாலையிலும் எதிரயனி உதிர்ந்துவிடுவதால் எதிர்பார்த்த நிறை மட்டுமே சரியாகத் தெரியும். இரண்டு சான்றுகளும் உண்மையே சொல்கின்றன; நாம்தான் அவற்றிடம் கேட்காத கேள்விக்கு விடை பெற்றதாக எண்ணிக்கொள்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி ‘நிகரப் பெப்டைடு அளவு எவ்வளவு, எதிரயனி எது?’ என்பதே.

எங்கெல்லாம் தவறாக வழிநடத்தும்?

மெரிஃபீல்டின் கட்டுரை வெளியான அதே 1963-இல்தான், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் பெப்டைடு முதுகெலும்பின் கோண வரைபடத்தை வெளியிட்டனர். பெப்டைடைச் செய்யும் வழியும் அதன் வடிவத்தை எண்ணும் வழியும் ஒரே ஆண்டில் பிறந்தன. பின்னர் இராமச்சந்திரன் பெங்களூரு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார். பெப்டைடு வடிவங்களைப் பற்றிய ஆய்வில் இந்நகருக்கு அரைநூற்றாண்டு மரபு உண்டு. அந்த மரபின் நடுப்புள்ளியிலேயே டி.எஃப்.ஏ. குறுக்கிடுகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அகச்சிவப்பு நிறமாலையில் பெப்டைடின் வடிவத்தைச் சொல்லும் அமைடு-1 பட்டை 1600 முதல் 1700 செ.மீ⁻¹ வரை பரவியிருக்கிறது. ஆல்ஃபா சுருள் 1650-களின் முற்பகுதியில் தோன்றும். திருப்பங்களும் எதிரிணைப் பீட்டா அமைப்பின் ஒரு கூறும் 1670-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் தோன்றும். ட்ரைஃபுளூரோஅசிட்டேட்டின் வலிய பட்டை 1673-இல் நிற்கிறது. அதை நீக்காமல் வளைகோட்டைப் பிரித்துப் பொருத்தினால், மென்பொருள் தயக்கமின்றி ‘இத்தனை விழுக்காடு திருப்பம்’ என்று விடை தந்துவிடும். அந்தத் திருப்பம் பெப்டைடினுடையதா, அமிலத்தினுடையதா என்று அது நம்மைக் கேட்பதில்லை.

மின்தெளிப்பு அயனியாக்க நிறைநிறமாலையில் டி.எஃப்.ஏ. பெப்டைடுடன் இறுகிய அயனி இணையை உருவாக்கிச் சைகையை ஒடுக்குகிறது. அதனால்தான் அங்கே ஃபார்மிக் அமிலத்தை நாடுகிறோம். தாங்கல் திறன் குறைந்த கரைசல்களில் எஞ்சிய தனி அமிலம் பி.எச். மதிப்பைத் தாழ்த்துகிறது.

செல் வளர்ப்பில் நிலைமை இன்னும் கூர்மையானது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட முடிவொன்று பலருக்கும் நினைவிருக்கலாம். அமைலின், கால்சிட்டோனின் போன்ற பெப்டைடுகளின் டி.எஃப்.ஏ. உப்புகளை எலும்பாக்கச் செல்களில் இட்டபோது, ஹைட்ரோகுளோரைடு உப்புகளோடு ஒப்பிடுகையில் செல் பெருக்கம் தொடர்ந்து குறைவாகவே இருந்தது. டி.எஃப்.ஏ.யைத் தனியாக இட்டபோதும் 10⁻⁸ முதல் 10⁻⁷ மோலார் வரையான செறிவில் அத்தடை தென்பட்டது. நம் எல்.எல்.-37-ஐ 10 மைக்ரோமோலார் செறிவில் இட்டால் உடன் செல்லும் டி.எஃப்.ஏ. 120 மைக்ரோமோலார் வரை. அவர்கள் கண்ட மேல்வரம்பைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். எல்லாச் செல்களும் அப்படியே நடந்துகொள்ளும் என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. ஆனால் நம் செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்காமல் விட்டுவிட இது இடம் தரவில்லை.

நீக்கும் வழிகளும் அவற்றின் விலையும்

மிகுதியும் கையாளப்படுவது ஹைட்ரோகுளோரிக் அமில மாற்று முறை. டி.எஃப்.ஏ.யை விட வலிய அமிலமான அதன் மிக நீர்த்த கரைசலில் பெப்டைடைக் கரைத்து, சில நிமிடம் வைத்திருந்து, உறைய வைத்து, லையோஃபிலைசரில் உலர்த்துகிறோம். இதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்கிறோம். இங்கே அளவே எல்லாம். மிகக் குறைந்த செறிவில் டி.எஃப்.ஏ. முழுதும் வெளியேறாது, செறிவு மிகுந்தால் பெப்டைடே சிதையும். 2 முதல் 10 மில்லிமோலார் வரையான செறிவே உகந்தது என்று 2007-இல் வெளியான ஆய்வொன்று பரிந்துரைத்தது. அஸ்பார்ட்டிக் அமிலமும் புரோலினும் அடுத்தடுத்து வரும் வரிசைகளில் அப்பிணைப்பு அமிலத்தில் அறுபடக்கூடியது; அஸ்பராஜின், குளுட்டமின் ஆகியவை அமைடு தொகுதியை இழக்கக்கூடியவை. ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி லையோஃபிலைசரின் உலோகப் பகுதிகளை அரிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது வழி, அசிட்டேட் வடிவிலுள்ள எதிரயனி மாற்று ரெசினில் பெப்டைடைச் செலுத்துவது. மென்மையான வழி, ஆனால் ஒரு பகுதிப் பெப்டைடு ரெசினிலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, எச்.பி.எல்.சி. கம்பத்திலேயே டி.எஃப்.ஏ. இல்லாத நகர்கரைசலால் கழுவி உப்பை மாற்றுவது. பெருமளவுத் தயாரிப்புக்கு இது ஏற்றது. எந்த வழியாயினும் எதிரயனி மாறினால் கரைதிறனும் மாறும், டி.எஃப்.ஏ. உப்பாக எளிதில் கரைந்த நீர்வெறுப்புப் பெப்டைடு, குளோரைடாக மாறியபின் கரைய மறுப்பதுண்டு.

நீக்கியாயிற்று என்பதை எப்படி அறிவது? ஃபுளூரின்-19 என்.எம்.ஆர். நிறமாலையில் சுமார் −76 பி.பி.எம். இடத்தில் டி.எஃப்.ஏ.யின் ஒற்றை முகடு தெளிவாகத் தெரியும். பெப்டைடில் வேறு ஃபுளூரின் இல்லாதபோது குழப்பத்துக்கு வழியே இல்லை. தெரிந்த அளவு உட்தரம் ஒன்றைச் சேர்த்தால் எண்ணாகவே சொல்லிவிடலாம். அயனி வண்ணப்பிரிகை வசதி உள்ள இடங்களில் அதுவும் போதும். அகச்சிவப்பில் 1673 பட்டை மறைந்ததா என்று பார்ப்பது முதல்நிலைச் சோதனையாக உதவும்.

மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் மூன்று மறுப்புகளும் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல.

முதலாவது: ‘ஐந்து மில்லிகிராம்தான் கையில் இருக்கிறது, மூன்றுமுறை உலர்த்தினால் ஒரு பகுதி குப்பிச் சுவரோடு போய்விடும்.’ உண்மை. ஆகவேதான் நீக்குவதையே எல்லாருக்கும் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. நீக்க இயலாதவர்கள் அளந்து சொல்லட்டும். அதே செறிவில் சோடியம் ட்ரைஃபுளூரோஅசிட்டேட் இட்ட ஒப்பீட்டுக் குழி ஒன்றைச் செல் தட்டில் சேர்க்கட்டும். இதற்கு ஒரு மைக்ரோகிராம் பெப்டைடுகூடச் செலவாகாது.

இரண்டாவது: ‘டி.எஃப்.ஏ. உப்பாகவே மருந்துகள் விற்பனையில் உள்ளனவே.’ இதுவும் உண்மை. இதயக் குழாய்ச் சிகிச்சையில் பயன்படும் பைவாலிருடின் அத்தகையது. ஆனால் அதன் விவரக்குறிப்பைப் பாருங்கள்: 250 மில்லிகிராம் பைவாலிருடின் என்பது சராசரியாக 275 மில்லிகிராம் ட்ரைஃபுளூரோஅசிட்டேட் உப்புக்குச் சமம் என்று அங்கே எழுதியிருக்கிறது. அமெரிக்க மருந்தியல் தொகுப்பில் பெப்டைடுகளிலுள்ள டி.எஃப்.ஏ.யை அளப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. மருந்து நிறுவனத்திடம் சட்டம் கேட்கும் கணக்கை நம் ஆய்வேடுகளிடம் நாமே கேட்பதில் என்ன தடை?

மூன்றாவது: ‘இத்தனை ஆண்டுகளாக எல்லாரும் இப்படித்தானே செய்தார்கள்.’ பலரும் ஒரே உப்பை ஒரே விதமாகப் பயன்படுத்தியிருந்தால் ஒப்பீடு ஓரளவு நிற்கும். ஆனால் இன்று ஓர் ஆய்வகம் தானே தொகுக்கிறது. இன்னொன்று விலைக்கு வாங்குகிறது. மூன்றாவது அசிட்டேட்டாக மாற்றிப் பயன்படுத்துகிறது. மூவரின் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவுகளும் ஒரே அட்டவணையில் அருகருகே அச்சாகின்றன. அந்த அட்டவணையை நம்பி இன்னொரு மாணவர் தன் ஐந்தாண்டுகளைத் திட்டமிடுகிறார்.

கொள்முதலில் தொடங்கும் சிக்கல்

இதை மாணவரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது நியாயமாகாது. பெப்டைடு விற்கும் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் டி.எஃப்.ஏ. நீக்கம் பெரும்பாலும் தனிக்கட்டணப் பணி. நம் கொள்முதல் முறையோ குறைந்த விலைப்புள்ளியையே நாடும். விண்ணப்பத்தில் வரிசையும் தூய்மையும் மட்டும் எழுதியிருந்தால், மலிவான டி.எஃப்.ஏ. உப்பே வெல்லும், விதிப்படி அது சரியும்கூட. ஆனால் குறைந்த விலை என்பது கேட்ட விவரக்குறிப்பை நிறைவு செய்தவர்களுக்கு இடையே மட்டுமே ஒப்பிடப்படுகிறது. ‘குளோரைடு அல்லது அசிட்டேட் உப்பு, எஞ்சிய டி.எஃப்.ஏ. ஒரு விழுக்காட்டுக்குள், நிகரப் பெப்டைடு அளவு குறிப்பிடப்பட வேண்டும்’ என்ற ஒரு வரியை விவரக்குறிப்பிலேயே சேர்த்துவிட்டால் கணக்கு அலுவலகம் மறுக்கக் காரணமில்லை. அந்த வரியை எழுத வேண்டியவர் நெறியாளர். முதலாண்டு மாணவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தாலும் கேட்கும் துணிவு எளிதில் வராது.

நான் வசிக்கும் ஈஜிபுராவில் 2017-இல் வேலை தொடங்கிய மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாக நின்றதை இப்பகுதியினர் அறிவர். தூண் எழுப்பிய உழைப்பில் குறையில்லை. கடைசித் தளம் இல்லாததால் மேலே வண்டி ஓடவில்லை. தொகுப்புக்கு மூன்று வாரம், தூய்மையாக்கத்துக்கு இரண்டு வாரம் செலவிட்டு, எதிரயனி மாற்றத்துக்கு மூன்று இரவுகளைத் தர மறுக்கும் ஆய்வுத்திட்டமும் அத்தகையதே.

நீக்கிய அமிலம் எங்கே போகிறது?

இந்த ஊரில் வாழ்வோருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பெப்டைடிலிருந்து வெளியேறும் டி.எஃப்.ஏ. லையோஃபிலைசரின் குளிர்பொறியில் பனியாகப் படிகிறது. பனி உருகியதும் அந்நீர் பல இடங்களில் தொட்டி வழியே சாக்கடைக்குப் போகிறது. கார்பன்–ஃபுளூரின் பிணைப்பு எளிதில் அறுபடாதது. வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் டி.எஃப்.ஏ. நீங்குவதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2021-இல் வகுத்த வரையறைப்படி இதுவும் ‘என்றும் அழியா வேதிப்பொருள்கள்’ என்று பேசப்படும் குடும்பத்தைச் சேர்ந்ததே. கோரமங்கலப் பள்ளத்தாக்கின் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரியை நோக்கி ஓடுகிறது. அப்பள்ளத்தாக்கில் சுத்திகரித்த நீர் 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பி வருகிறது. ஆய்வகங்களின் பங்கு சிறிதே. குளிரூட்டி வாயுக்களின் சிதைவால் உருவாகும் டி.எஃப்.ஏ.யோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. எனினும் நம் கையிலுள்ளது அந்தச் சிறு பங்குதான். உருகிய நீரைத் தனிக் கலனில் சேர்த்து, ஹாலஜன் கழிவோடு ஒப்படைப்பது கடினமான செயலன்று.

என்ன செய்யலாம்?

புதிய கருவியோ புதிய நிதியோ கேட்கவில்லை. ஆய்வேட்டின் ‘பொருள்களும் முறைகளும்’ இயலில், பயன்படுத்திய ஒவ்வொரு பெப்டைடுக்கும் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: எதிரயனி எது, எஞ்சிய டி.எஃப்.ஏ. எவ்வளவு, எம்முறையில் அளக்கப்பட்டது. நிகரப் பெப்டைடு அளவு எவ்வளவு. செறிவு உப்பின் எடையில் கணக்கிடப்பட்டதா, நிகர அளவிலா. டிரிப்டோஃபான் அல்லது டைரோசின் உள்ள பெப்டைடுகளுக்கு 280 நானோமீட்டர் உறிஞ்சல் கொண்டே உண்மைச் செறிவைச் சரிபார்க்கலாம். துறைக்குழுவின் ஆண்டு மதிப்பீட்டில் இந்நான்கையும் கேட்பது நெறியாளர்களின் கடமை. வாய்மொழித் தேர்வில் கேட்பது புறத்தேர்வாளர்களின் உரிமை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெப்டைடு வரும்போது, சான்றிதழின் தூய்மை எண்ணைப் பார்த்ததும் குப்பியைத் திறந்துவிடாதீர்கள். எதிரயனி எதுவென்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள்; இல்லையெனில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். விடை கைக்கு வந்தபின் கணக்கைத் திருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மாற்றுக் கருத்துள்ளோர், குறிப்பாக ரெசின் முறையையும் ஹைட்ரோகுளோரிக் அமில முறையையும் ஒரே பெப்டைடில் ஒப்பிட்டவர்கள், தங்கள் அளவீடுகளோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு பெப்டைடு இழந்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். முறைகளைத் தேர்ந்தெடுக்க அடுத்தவருக்கு மிகவும் தேவைப்படுவது அந்த எண்தான்.